நோத்ர் தாமின் லாத்ரி

1985-இல் பாரிஸின் நோத்ர் தாம் பேராலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பொறுப்பு ஒலிவியே லாத்ரிக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது 23.

அந்த ஆர்கனில் கைகளுக்கு ஐந்து அடுக்குக் கட்டைகள், கால்களுக்குத் தனி வரிசை, ஏறத்தாழ 8,000 குழல்கள். விரல் அழுத்தியதும் குழலுக்குள் காற்று பாய்கிறது. எழும் நாதம் கல் விதானத்தில் மோதி, சில நொடிகள் கழித்தே அடங்குகிறது. அந்த எதிரொலியையும் கணக்கில் வைத்துத்தான் அவர் வாசித்தாக வேண்டும்.

2000-இல் இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் ஆர்கன் படைப்புகள் அத்தனையையும் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் வாசித்து முடித்தார். கையில் கிடைத்த ஒரு மெட்டை அந்தக் கணமே விரித்து வாசிப்பதிலும் அவர் வல்லவர். நம் வித்வான்களின் மனோதர்மம் போல.

2019 ஜனவரியில் நோத்ர் தாம் ஆர்கனில் இசையமைப்பாளர் பாக்கின் இசையை ஒலிப்பதிவு செய்தார். ஏப்ரல் 15 மாலை ஆலயம் தீப்பற்றி எரிந்தது. கூரை போனது, ஊசிக் கோபுரம் சரிந்தது. ஆர்கன் தப்பியது!

எரிந்த கூரையின் ஈயத் தூசி படிந்த குழல்களைக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் சுருதி சேர்த்தார்கள். 2024 டிசம்பர் 7 அன்று, ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டபோது, பேராயர் ஆர்கனை நோக்கி எட்டு முறை அழைப்பு விடுத்தார். முதலில் மெல்ல, பிறகு ஆலயமே அதிர, லாத்ரியும் சக கலைஞர்களும் மாறி மாறிப் பதில் வாசித்தார்கள். காணொளியில் கேட்கும்போதே உடல் சிலிர்க்கிறது.