பாட்டியின் நாலு வளையல்

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

அன்புக் கண்மணிக்கு, அத்தை எழுதுகிறேன்.

கல்யாணத்துக்கு ஆய்வக வைரத்தில்தான் தோடு வேண்டும், தங்கமும் புதிதாக வாங்கக் கூடாது, பாட்டியின் வளையலை உருக்கிக்கொள்ளலாம் என்றாயாமே. அண்ணி போனில் அழுதார். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நாலு வளையலும் உன் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வாங்கிய கூலி. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம் அது. அடியில் பாறையே அனலாகக் கொதிக்கும். ஒரு டன் பாறையை உடைத்து அரைத்தால் சில கிராம் தங்கம். மீதியெல்லாம் சயனைடு கலந்த மண். 2001-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மண்மேடுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன, காற்றடித்தால் சோற்றுப் பானை வரை தூசி. என் அப்பாவுக்கு நெஞ்சில் கல்தூள் படிந்து, கடைசிக் காலத்தில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கினார். நம் வீட்டுக்காக இனி யாரும் ஒரு குன்றிமணித் தங்கம்கூடத் தோண்ட வேண்டாம், கண்மணி.

கல் போலி என்று அண்ணி நினைக்கிறார். இல்லை, அசல் வைரம்தான். மெல்லிய வைரத் துண்டை விதையாக வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் நிரப்பிய கலத்தில் 800 டிகிரிக்கு மேல் சூடேற்றினால், கார்பன் படலம் படலமாக அதன்மேல் படிகிறது. சில வாரங்களில் கல் வளர்ந்துவிடும். சூரத்தில் இதற்கென்றே ஆலைகள் இருக்கின்றன. சென்னை ஐஐடிக்கு இந்த ஆராய்ச்சிக்காக மத்திய அரசு 242 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. தோஷம் பார்க்கக் கல்லை மூன்று நாள் தலையணைக்கடியில் வைக்க அண்ணி சொன்னால் வைத்துவிடு. அவர் மனசும் ஆறும்.

ஆனால் அதைச் சொத்தாக எண்ணாதே. சில வருஷமாக இந்தக் கல்லின் விலை சரிந்துகொண்டே போகிறது. விற்கப் போனால் ஒன்றும் தேறாது. பிடித்திருந்தால் போட்டுக்கொள், அவ்வளவுதான். இன்னொன்று, அந்தக் கலங்களுக்கு இரவும் பகலும் மின்சாரம் வேண்டும். நிலக்கரியில் வருகிறதா, வெயிலிலிருந்து வருகிறதா என்று கடையில் கேள். பதில் இல்லையென்றால் ‘பசுமை வைரம்’ என்ற பேச்சை நம்பாதே.

உருக்கும்போதும் கவனம். பாட்டி காலத்து நகையில் ஹால்மார்க் கிடையாது, பற்றவைத்த பொடி வேறு கலந்திருக்கும். உன் கண்முன் உருக்கி, கட்டியின் மாற்றைப் பார்த்த பிறகு கணக்குப் போடச் சொல். வைரம் பதிக்க 18 காரட்தான் கெட்டி என்று ஆசாரி சொன்னால் சரி என்று சொல். அப்போது முத்திரை 916 இல்லை, 750. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யூஐடி குறியீடும் இருக்கட்டும்.

தோட்டுக்கு ஒரு ஜோடி வளையலே தாராளம். மற்ற ஜோடியை உருக்காதே. போனஸ் வந்த அன்று அப்பா அதை அம்மா கையில் மாட்டிவிட்டதைப் பார்த்தவள் நான்.

பட்டறைக்கு என்றைக்குப் போகிறாய்? முன்னாடியே சொல், முதல் ரயிலைப் பிடித்து வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அத்தை