இழுக்க முடியாதவர்களின் வில்

பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோசின் மகள் அன்னா காம்னேனே, 12ஆம் நூற்றாண்டில் தந்தையின் வரலாற்றை ‘அலெக்சியாட்’ என்ற நூலாக எழுதினார். முதல் சிலுவைப்போர்ப் படைகள் கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்தபோது அவர் சிறுமி. அந்த மேற்கத்தியர்கள் வைத்திருந்த குறுக்குவில்லைப் பிசாசின் கருவி என்றே அவர் எழுதுகிறார். அப்படி அஞ்சியவர், அதை எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்! வீரன் ஏறக்குறைய மல்லாந்து படுக்கிறான். இரண்டு பாதங்களையும் வில்லின் இரு வளைவுகளில் ஊன்றுகிறான். இரண்டு கைகளாலும் நாணைப் பற்றித் தன் உடலை நோக்கி முழு மூச்சோடு இழுக்கிறான். அம்பு கேடயத்தையும் இரும்புக் கவசத்தையும் துளைக்கும் பயங்கரமெல்லாம் அதற்குப் பிறகுதான். எனக்கு அந்த அம்பைவிடத் தரையில் கிடக்கும் அந்த ஆள்தான் பெரியவனாகத் தெரிகிறான். தோளால் ஆகாததைக் காலும் முதுகும் சேர்ந்து செய்துவிடலாம் என்று கண்டுகொண்டவன் அவன்.

சனகன் அவையிலும் சரி, கிரேக்கக் காவிய நாயகன் ஒடிசியஸின் வீட்டிலும் சரி, வில் என்பது ஒருவனைத் தவிர மற்ற எல்லோரையும் திருப்பி அனுப்பும் சோதனை. குறுக்குவில் அப்படி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. இழுத்த நாணைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலையை அதன் பூட்டு ஏற்றுக்கொண்டது. இழுக்கும் வேலை மட்டும் மிச்சம். அதைக் குறைக்கத்தான் ஐரோப்பியக் கைவினைஞர்கள் நூற்றாண்டுக்கணக்கில் மூளையைக் கசக்கினார்கள். முதலில் வில்லின் முனையில் கால் நுழைக்க ஓர் இரும்பு வளையம் வந்தது. பிறகு இடைவாரில் ஒரு கொக்கி: குனிந்து நாணை அதில் மாட்டி நிமிர்ந்தால் போதும். அடுத்து ஆட்டுக்கால் என்று பெயர் பெற்ற நெம்புகோல், கயிறும் கப்பியும் கொண்ட சுழல்பொறி, பல்சக்கரப் பொறி. 1903இல் குறுக்குவில் பற்றி ஒரு பெரிய நூல் எழுதிய ரால்ஃப் பெய்ன்-கால்வே, 1,200 பவுண்டு இழுவிசை உள்ள பழைய எஃகு வில் ஒன்றைத் தானே எய்து பார்த்தவர். எந்தப் பயில்வானும் வெறுங்கையால் தொட முடியாத விசை அது.

1591இல் இங்கிலாந்தின் கௌட்ரே பூங்காவில் முதலாம் எலிசபெத் மகாராணியிடம் ஒரு குறுக்குவில் கொடுக்கப்பட்டது. 57 வயதில் அவர் மூன்று நான்கு மான்களை வீழ்த்தினார். அதை யாரும் குறையாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் நெடுங்காலம், வில்வேட்டைப் பருவத்தில் குறுக்குவில்லை மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் சிறப்பு அனுமதியோடு விட்டுவைத்தன. பின்னர் பல இடங்களில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஆனாலும் கைப்பிடியைச் சுழற்றி நாணை இழுப்பவரைப் பார்த்து “இதெல்லாம் வேட்டையா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கைப்பிடிக்குப் பின்னால் 500 ஆண்டு வம்சாவளி இருக்கிறது.

தோள் தேய்ந்த ஒருவர் நாணை ஏற்ற எதைத் தேர்ந்தெடுப்பது, கயிற்றுச் சாதனமா, சுழல்பொறியா? கயிற்றுச் சாதனம் மலிவு, எடையும் இல்லை. கிணற்றுக் கப்பி இழுக்கும் திசையை மட்டுமே மாற்றும்; இதிலோ கப்பிகள் நாணோடு சேர்ந்து நகர்வதால் பாரம் பாதியாகிறது. 200 பவுண்டு வில்லுக்கு ஒவ்வொரு கையும் ஏறக்குறைய 50 பவுண்டு இழுக்க வேண்டும், அதுவும் இரண்டு மடங்கு தூரம். ஆனால் ஒரு காலை வளையத்தில் ஊன்றி, குனிந்து, இரு கைகளையும் சமமாக மேலே தூக்க வேண்டும். முதுகு ஒத்துழைக்காதவருக்கும் ஒரு கை மட்டும் வலுவாக உள்ளவருக்கும் இது ஆகாது. சுழல்பொறியை உட்கார்ந்தபடி, ஒற்றைக் கையாலேயே சுற்றலாம். மெதுவானது, விலையும் கூடுதல், சிலவற்றில் சத்தமும் கேட்கும். மானுக்காக மணிக்கணக்கில் காத்திருப்பவருக்கு ஒரு நிமிடம் பெரிதா என்ன?

பலரும் கேட்க மறப்பது ஒன்று உண்டு. மான் வராத நாளில் பூட்டிய நாணை என்ன செய்வது? அம்பு வைக்காமல் விசையை அழுத்தினால் வில்லே உடையலாம். பழைய அம்பு ஒன்றை மென்மையான மண்ணிலோ இலக்குப் பொதியிலோ எய்துதான் பலர் விடுவிக்கிறார்கள். சில புதிய சுழல்பொறிகள் நாணைக் கட்டுப்பாட்டோடு இறக்கியும் விடும். வலு குறைந்தவர் கடையிலேயே, வேட்டைக்கு உட்காரும் அதே நிலையில் உட்கார்ந்து, ஏற்றுவதையும் இறக்குவதையும் தானே செய்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும்.