திட்டு வாங்கிய தம்பியும் உடைந்த மணிக்கட்டும்

இன்னைக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. ஒரு சைக்கிள் கதை. நான் செய்த ஒரு தப்பும் இதில் இருக்கு.

நைட் டூட்டியில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் நான் பார்ப்பது ஃப்ளாட்லேண்ட் பிஎம்எக்ஸ் வீடியோக்கள்.

அது என்ன?

20 இன்ச் சக்கரம் உள்ள சின்ன சைக்கிள். ரேம்ப் கிடையாது, மேடு பள்ளம் கிடையாது. வெறும் சமதரை. சக்கர அச்சின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பெக் என்ற குழாய்மேல் ஏறி நின்று, ஒற்றைச் சக்கரத்தில் பம்பரம் போலச் சுற்றுவார்கள். கால் தரையில் பட்டால் போட்டியில் மார்க் போச்சு.

இதன் வரலாற்றில் முக்கியமான ஊர், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள யார்க். கெவின் ஜோன்ஸ் என்பவரும் நண்பர்களும் சேர்ந்த குழுவின் பெயர் ப்ளைவுட் ஹூட்ஸ். 1980களின் கடைசியில் அவர்களில் ஒருவரான மார்க் ஈட்டன் எடுத்த 'டோர்க்கின் இன் யார்க்' வீடியோ கேசட்டுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. யார்க்கைப் பார்த்தே இராத பசங்க அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள்.

2003க்குப் பிறகு எக்ஸ் கேம்ஸ் இந்த விளையாட்டைக் கைவிட்டது. பிஎம்எக்ஸின் வேறு சில வகைகள் ஒலிம்பிக் போயின, இது போகவில்லை. 2019ல்தான் செங்டூவில் நடந்த யுசிஐ நகர்ப்புற சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பில் இடம் கிடைத்தது. நடுவில் இதை உயிரோடு வைத்திருந்தது வீடியோக்களும், காலி பார்க்கிங்கில் தனியாகப் பழகிய ஆட்களும்தான்.

பிஎம்எக்ஸ் வீடியோக்களில் எனக்குப் பிடித்த பழக்கம் ஒன்று உண்டு. பலர் தாங்கள் விழுந்ததையும் சேர்த்தே போடுவார்கள். விழுந்ததை மறைக்க வேண்டிய அவமானமாக அவர்கள் நினைப்பதில்லை.

இப்போ என் கதை.

சில வருஷம் முன்னாடி முழங்கை சிராய்ப்போடு ஒரு பையன் ஓபிக்கு வந்தான். 16 வயசு. வீடியோ பார்த்து சைக்கிளில் ட்ரை பண்ணியிருக்கான். வெளியே நீண்ட வரிசை, எனக்கு எரிச்சல். "அடுத்த தடவை இந்த சைக்கிளால விழுந்துட்டு வந்தா நான் பாக்க மாட்டேன் தம்பி" என்றேன். டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பினேன்.

பல மாதம் கழித்து அவங்க அம்மா கூட்டி வந்தார். குடத்தைத் தூக்க முடியவில்லையாம். எக்ஸ்ரேயில் மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு எலும்பு உடைந்து, சேராமலே கிடந்தது.

"எப்பப்பா விழுந்தே?"

"மூணு மாசம் ஆச்சு சார்."

"ஏன் வரலை?"

"நீங்க பாக்க மாட்டேன்னு சொன்னீங்கள்ல சார்."

எனக்கு பதில் வரவில்லை.

இந்தச் சின்ன எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால் சரியாகச் சேராமல் போகலாம், ஒரு பகுதி செத்தும் போகலாம். சீக்கிரம் வந்திருந்தால் மாவுக்கட்டிலேயே சேர வாய்ப்பு இருந்தது. அவனை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினேன். வேறிடத்தில் இருந்து எலும்பு எடுத்து வைத்து, ஸ்க்ரூ போட்டார்கள்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். கையை ஊன்றி விழுந்த பிறகு, கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டுக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? "சுளுக்குதான்" என்று விடாதீர்கள். முதல் எக்ஸ்ரேயில் இந்த உடைப்பு தெரியாமலும் போகலாம். வலி இருந்தால் டாக்டர் கட்டுப்போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். கட்டாயம் போங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை ஹெல்மெட் போட்டு, வண்டி வராத இடத்தில் ஓட்டுகிறானா என்று பாருங்கள். விழுந்தால் உங்களிடம் வந்து சொல்லும் தைரியத்தை அவனுக்குக் கொடுங்கள்.

இப்போது அடிபட்டு வரும் பசங்களிடம் நான் முதலில் கேட்பது, "என்ன ட்ரிக் தம்பி?"

முகம் மலர்ந்து சொல்ல ஆரம்பிக்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள்.