மரியோவின் சிவப்பு எது?

மரியோவின் தொப்பி என்ன நிறம் என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடச் சிவப்பு என்று சொல்லிவிடும். எந்தச் சிவப்பு என்று கேட்டால்தான் வம்பு. பழைய வீடியோ கேம்களிலிருந்து படங்களைத் தனியே பிரித்தெடுப்பவர்கள் எல்லோரும் கடைசியில் இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஒரு சின்ன அறிமுகம். நின்டெண்டோ 1983ல் ஜப்பானில் வெளியிட்ட கருவி ஃபேமிகாம். அமெரிக்காவில் அதற்கு என்.இ.எஸ். என்று பெயர். 1990களில் தமிழ்நாட்டில் 'டிவி கேம்' என்று விற்ற பெட்டிகள் பலவும் இதன் நகல்கள்தான். இதில் ஓடும் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' (1985) மொத்தமே 40 கிலோபைட். அதில் 32 நிரலுக்கு, 8 படங்களுக்கு. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இதைவிடப் பல மடங்கு பெரிது!

அந்த 8 கிலோபைட்டுக்குள் என்ன இருக்கிறது? 512 சின்னச் சின்னக் கட்டங்கள். டைல் என்பார்கள். ஒவ்வொரு டைலும் 8க்கு 8 பிக்சல், 16 பைட். முதல் 8 பைட் ஒரு அடுக்கு, அடுத்த 8 பைட் இன்னொரு அடுக்கு. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் படித்தால் ஒவ்வொரு பிக்சலுக்கும் இரண்டு பிட் கிடைக்கும். அதாவது 0, 1, 2, 3 என்று ஏதோ ஒரு எண். ஸ்ப்ரைட்டில் (திரையில் நகரும் உருவம்) 0 என்றால் அந்த இடம் காலி. பின்னால் இருப்பது தெரியும். எமுலேட்டர்கள் படிக்கும் கோப்பில் முதல் 16 பைட் முகவரிச் சீட்டு மாதிரி. அதையும் 32 கிலோபைட் நிரலையும் தாண்டினால் படங்கள் வந்துவிடும். கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடக் கூடிய வேலை.

வெளியே வருவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். நட்சத்திரம் பாதிதான் இருக்கும். மறு பாதியைக் கருவி கண்ணாடிபோலத் திருப்பிப் போட்டுக்கொள்கிறது. கூம்பா என்ற குட்டி எதிரி நடப்பதும் ஒரே படத்தை இடமும் வலமுமாகத் திருப்புவதுதான். மேகமும் புதரும் ஒரே படம்! வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர். இடம் இல்லாதபோது கஞ்சத்தனமும் ஒரு கலை என்று தோன்றும்.

சரி, பூசும் நிறம் எங்கே? அதுதான் விஷயம். படத்தோடு நிறம் இல்லை. அது 32 கிலோபைட் நிரலுக்குள் வெறும் எண்களாகக் கிடக்கிறது. மரியோவுக்கு 16, 27, 18 (பதினாறடிமான எண்கள்). லூயிஜிக்கு 30, 27, 19. இரண்டே எண் மாறினால் அண்ணன் தம்பியாகிவிடுகிறான். பேரேட்டில் ஆளின் பெயருக்குப் பதில் கணக்கு எண்ணை மட்டும் எழுதி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் யாருடையது என்று சொல்ல இன்னொரு புத்தகம் வேண்டும். அந்தப் புத்தகம்தான் இங்கே இல்லை.

ஏன் இல்லை? இன்றைய கணினி நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று அளவுகளாக வைத்துக்கொள்கிறது. என்.இ.எஸ். அப்படிச் செய்யவே இல்லை. 16 என்ற எண்ணில் முதல் இலக்கம் பிரகாசம், இரண்டாவது இலக்கம் நிறச்சாயல். அதை நேராகத் தொலைக்காட்சி சிக்னலாக மாற்றி அனுப்பிவிடும். நிறமாக்குவது டிவியின் பொறுப்பு. ஒவ்வொரு டிவியும் தன் இஷ்டத்துக்கு மாற்றும்; வீட்டில் யாராவது குமிழைத் திருகினால் அதுவும் சேரும். ஆகவே எமுலேட்டர் எழுதியவர்கள் ஆளுக்கொரு பாலெட் தயாரித்தார்கள். மரியோவின் வானம் (எண் 22) ஒன்றில் நீலமாக இருக்கும், இன்னொன்றில் ஊதாவாகத் தெரியும். இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது.

பின்னால் வந்த கருவிகளில் இந்தக் குழப்பம் குறைவு. 1990ல் வந்த சூப்பர் ஃபேமிகாமில் ஒவ்வொரு நிறமும் மூன்று அளவுகளாகவே இருக்கிறது, ஒவ்வொன்றும் 0 முதல் 31 வரை. படித்தால் போதும். ஆனால் 2001ல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் வேறு மாதிரி. அதன் திரைக்குள் விளக்கு கிடையாது. இருட்டான திரையிலும் தெரிய வேண்டும் என்று பல கேம்களில் நிறங்களைத் தூக்கலாக வைத்தார்கள். அதையே கணினியில் பார்த்தால் வெளுத்துப்போய் இருக்கும். எண் சரி, விளையாடியவர் கண்ட நிறம் அது இல்லை.

எல்லாக் கேமும் மரியோ மாதிரி வெளிப்படையாகவும் இருக்காது. 'தி லெஜண்ட் ஆஃப் ஜெல்டா'வில் (1986) படங்களுக்கென்று தனி சிப்பே இல்லை. நிரலோடு கலந்து வைத்து, ஓடும்போது நினைவகத்தில் நகலெடுக்கிறார்கள். வேறு சில கேம்களில் படங்களைச் சுருக்கியும் வைத்திருப்பார்கள். அப்போது எமுலேட்டரில் ஓடவிட்டு, பாதியில் நிறுத்தி, நினைவகத்திலிருந்து எடுப்பதுதான் சுலபம்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? வேண்டும். வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. குழல் டிவிகளும் மறைந்துகொண்டிருக்கின்றன. நாளை ஒருவர் பார்க்கப்போவது யாரோ பிரித்தெடுத்து வைத்த படத்தைத்தான். அவர் ஊதா வானத்தை வைத்தால் அதுவே 'அசல்' ஆகிவிடும்.

எனவே பிரித்தெடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜேபெக்கில் சேமிக்காதீர்கள், அது ஓரங்களைக் கலக்கி, இல்லாத நிறங்களை உண்டாக்கிவிடும். பாலெட் எண்ணோடு கூடிய பிஎன்ஜி போதும். எந்த பாலெட்டைப் பயன்படுத்தினீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். படங்களின் உரிமை இன்னும் அவற்றை உருவாக்கிய நிறுவனங்களிடம்தான் இருக்கிறது. படித்துப் பார்ப்பது வேறு, தன் கேமில் போட்டு விற்பது வேறு.

நிறத்தைப் பற்றி ஆயிரம் சண்டை வரட்டும். 16, 27, 18 என்ற மூன்று எண்கள் மட்டும் தொலையாமல் இருந்தால், சரியான சிவப்பைப் பின்னால் வருகிறவர்கள் தேடிக்கொள்வார்கள்.