ஃபியூஸைக் கழற்றியவன் நான்தான்

எங்கள் வீட்டு எஸ்பிரஸோ மெஷின் கருகியதற்கு வோல்டேஜ் ஏறி இறங்கியதுதான் காரணம் என்று சமயபுரத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். கருக்கியது நான்.

துவாக்குடிப் பக்கம் பாய்லர்களுக்கு கன்ட்ரோல் பேனல் போடுவது என் பிழைப்பு. அந்தத் திமிரில்தான் இறங்கினேன். எஸ்பிரஸோவுக்குத் தண்ணீர் 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சுமார் 9 பார் அழுத்தத்தில் 25, 30 விநாடிக்குள் டிகாஷன் இறங்கிவிட வேண்டும். மலிவான மெஷினில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு அவ்வளவு நிதானம் கிடையாது. சூடு மேலும் கீழும் ஆடும். அதைக் கழற்றிவிட்டு ஆர்டுயினோ போர்டு, பாய்லர்மேல் ஒட்டிய தெர்மோகப்பிள், ஹீட்டருக்கு ஒரு சாலிட் ஸ்டேட் ரிலே என்று மாட்டினேன். மெஷினைப் போடவும் அணைக்கவும் டைமர். திரையில் 93 அசையாமல் நின்றபோது தலைகால் புரியவில்லை.

அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தேன். தெர்மோகப்பிள் சரியாக ஒட்டாததால் சூடு எகிறி, பாய்லர் மேலிருந்த தெர்மல் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. போனால் போனதுதான், புதிது வாங்க வேண்டும். சலித்துப்போய் அதை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒயரால் இணைத்துவிட்டேன்.

மாசிக் கடைசி ஞாயிறு, பூச்சொரிதலுக்கு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு காபி கொடுத்து, கதையளந்து, எல்லோருமாகக் கோயிலுக்குக் கிளம்பினோம். டைமர் தன் வேலையைச் செய்தது. திரையும் 'ஆஃப்' என்றது. ஆனால் இந்த ரிலே கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் கெடும். புரோகிராம் நிறுத்தச் சொன்னாலும் ஹீட்டருக்கு கரன்ட் போய்க்கொண்டே இருக்கும். அன்று அதுதான் நடந்தது. வீட்டில் இருந்தது கால் முடியாத அம்மா மட்டும். ரப்பர் கருகும் நாற்றம் வரவே, சுவரைப் பிடித்துக்கொண்டே போய் சுவிட்சை அணைத்திருக்கிறார்.

எனக்குத் தெரியாததல்ல. சூட்டைக் கட்டுப்படுத்துவது ஒரு சர்க்யூட், எல்லை மீறினால் வெட்டுவது வேறொன்று. முதலாவது செத்தாலும் இரண்டாவது வேலை செய்ய வேண்டும். பட்டறைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்பவன் நான். எவனாவது சேஃப்டியை பைபாஸ் செய்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். என் வீட்டில் என்னைக் கேட்க ஆளில்லை. அம்மாவிடமும் வோல்டேஜ் கதையைத்தான் சொன்னேன். அவர் நம்பிக்கொண்டு, "ஒரு ஸ்டெபிலைசர் வாங்கிப் போடுடா" என்றார்.

மெஷினில் கைவைக்க நினைப்பவர்கள் டைமர் போடுங்கள், கன்ட்ரோலர் போடுங்கள். தெர்மல் ஃபியூஸை மட்டும் தொடாதீர்கள். அது அடிக்கடி போகிறதென்றால் கோளாறு நீங்கள் போட்ட சர்க்யூட்டில்தான்.