பத்தொன்பதா, பதினைந்தா?

நீங்கள் யாருக்காவது யோசனை சொல்லியிருக்கிறீர்களா? கட்டாயம் சொல்லியிருப்பீர்கள். நம்மிடம் தாராளமாக இருப்பது அது ஒன்றுதானே! ஆனால் உங்கள் யோசனையைக் கேட்டு ஒருவன் மனைவியின் வளையலை அடகு வைத்ததுண்டா? என் விஷயத்தில் அது நடந்தது.

என் காலேஜ் ஸ்நேகிதன் ஒருவன் ஆலப்புழையில் இருக்கிறான். நாகர்கோவில்காரன். பெண் எடுத்த ஊரிலேயே தங்கிவிட்டான். வேம்பநாட்டுக் காயலைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு பறக்கும் விசைப்படகு ஒன்று வைத்திருக்கிறான். பைபர் படகு, பின்னால் 90 குதிரைச் சக்தி எஞ்சின். போன வருஷம் லீவில் நான் போயிருந்தபோது, "டேய், புரொப்பெல்லர் ஒடிந்து போச்சு. புதுசு வாங்கணும். எதை வாங்கட்டும்?" என்று கேட்டான்.

நான் பௌதிகம் படித்தவன் அல்லவா? சும்மா இருப்பேனா?

புரொப்பெல்லர் ஒவ்வொன்றிலும் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதல் எண் அதன் குறுக்களவு, அங்குலத்தில். இரண்டாவதுக்குப் 'பிட்ச்' என்று பெயர். ஒரு மரக்கட்டையில் திருகாணியைச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் உள்ளே போகிறதே, அந்த மாதிரி ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேறும் என்கிற கணக்கு. கடையில் 15, 17, 19 என்று மூன்று இருந்தன. ஒரு சுற்றுக்கு 19 அங்குலம் போவது வேகமா, 15 போவது வேகமா? இதற்கு பி.எஸ்ஸி. படிக்க வேண்டுமா என்ன! "பத்தொன்பதை வாங்கு" என்று சொல்லிவிட்டு, ரயில் ஏறிவிட்டேன். அதற்காகத்தான் வளையல் போனது. ஓணத்துக்குள் மீட்டுத் தருவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தான் என்பது பிற்பாடு தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அவனிடமிருந்து போன். "ரெண்டு பேர் ஏறினால் ஏதோ போகிறது. அஞ்சு பேர் ஏறினால் படகு லேசில் எழுந்திருக்க மாட்டேன் என்கிறதடா!"

எழுந்திருப்பது என்றால் என்ன தெரியுமோ? வேகப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற ஜாதி இல்லை. ஓரளவு வேகம் வந்ததும் நீர்மட்டத்தின் மேல் ஏறி, சிறுவர்கள் குளத்தில் விட்டெறியும் ஓட்டுச் சில்லைப் போல் வழுக்கிக்கொண்டு ஓடும். அது வரைக்கும் மூக்கைத் தூக்கிக்கொண்டு எருமை மாதிரி உழும். உழுது கொண்டேயிருக்கும் படகில் யார் காசு கொடுத்து ஏறுவார்கள்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டுப் போனேன். துறையில் ஒரு வயதான மெக்கானிக். எல்லோரும் அவரை 'ஆசான்' என்கிறார்கள். ஐந்து பேரை ஏற்றச் சொல்லி, விசையை முழுக்கத் திறந்தார். சுழற்சி காட்டும் முள் 4,600-ல் வந்து நின்றது. எஞ்சினோடு வந்த புத்தகத்திலோ, முழு விசையில் நிமிஷத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று வர வேண்டும் என்று போட்டிருந்தது.

"சாரே, பத்தொன்பது வாங்கச் சொன்னது யாரு?" என்றார் ஆசான்.

என் ஸ்நேகிதன் என்னைப் பார்த்தான். நான் கரையோரம் மிதந்த ஆகாயத் தாமரையைப் பார்த்தேன்.

"மலையேறுகிற பஸ்ஸை டாப் கியரில் ஓட்டுவீங்களா? காருக்கு நாலைந்து கியர் உண்டு. இந்தப் படகுக்குப் புரொப்பெல்லர் ஒண்ணுதான் கியர். அதுவும் ஓடும்போது மாற்ற முடியாத கியர்!" என்றார் அவர். பாரம் தாங்காமல் திணறுகிற எஞ்சின் சூடேறும், கரி பிடிக்கும், கடைசியில் பிஸ்டனுக்கே உலை வைத்துவிடும் என்று அவர் சொன்னபோது எனக்கு வியர்த்தது. வளையலோடு போகிற விஷயமாக இல்லையே!

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். எஞ்சின் இரண்டு சுற்றினால் புரொப்பெல்லர் ஒன்று சுற்றுகிறது. ஆக 4,600-ல் பாதி, 2,300. அதை 19 அங்குலத்தால் பெருக்கினால் மணிக்கு 66 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது. படகு போனதோ 52! மீதி எங்கே? தண்ணீர் மரக்கட்டை இல்லையே! நழுவுகிறது. நூற்றுக்குப் பத்து, பதினைந்து நழுவினால் பாதகமில்லை. இங்கே இருபதுக்கு மேல்.

இந்த நழுவலில் அடிபட்டவன் நான் மட்டுமல்ல என்பது ஓர் ஆறுதல். நீராவி டர்பைனைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்ஸன்ஸ் 1894-ல் 'டர்பீனியா' என்று ஒரு படகு கட்டினார். எஞ்சின் பிரமாதம், ஆனால் எதிர்பார்த்த வேகம் வரவில்லை. கண்ணாடி வைத்த சிறிய தொட்டியில் குட்டிப் புரொப்பெல்லரைச் சுழலவிட்டு, விட்டு விட்டு மின்னும் வெளிச்சத்தில் பார்த்தார். இறக்கைகளின் முதுகில் அழுத்தம் குறைந்து, தண்ணீர் சூடில்லாமலே கொதித்துக் குமிழி குமிழியாக வந்தது! புரொப்பெல்லர் தண்ணீரை விட்டுக் குமிழியைத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு தண்டை மூன்றாக்கி, தண்டுக்கு மூன்றாக ஒன்பது புரொப்பெல்லர் மாட்டினார். 1897-ல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்புக்கு நடுவே அந்தப் படகு புகுந்து ஓடியதை இங்கிலாந்தே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. நியூகாஸில் மியூசியத்தில் அதை இன்றும் காணலாம்.

எங்களுக்கு ஒன்பது வேண்டியிருக்கவில்லை. பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் சுழற்சி ஏறக்குறைய 200 கூடும் என்பது ஆசானின் வாய்பாடு. எங்களுக்கு ஒரு 800 வேண்டும், நாலு அங்குலம். "பதினஞ்சு போடணும். ஆனால் வாங்காதீங்க, முதலில் இரவல் கேளுங்க" என்றார். அடடா, கடைக்குப் போகும் முன் இது எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? "அப்படியானால் 13 இன்னும் நல்லதல்லவா?" என்று கேட்டேன். (சிலருக்குப் பட்டாலும் புத்தி வராது.) பாரம் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றிக் கெட்டுப்போகும் என்றார், என் முகத்தைப் பார்க்காமலே.

பக்கத்துப் படகுக்காரர் ஒருவரின் 15-ஐ மாட்டினோம். அதே ஐந்து பேர். விசையைத் திறந்த சில விநாடிகளில் மூக்குத் தாழ்ந்து படகு எழுந்துகொண்டது! முள் 5,400. வேகம் 56. ஒரு சுற்றுக்கு நாலு அங்குலம் குறைவாகப் போகிற புரொப்பெல்லர் நாலு கிலோமீட்டர் கூடுதலாகப் போயிற்று. என் பௌதிகப் பேராசிரியர் மன்னிப்பாராக.

அதோடு ஆசான் விடவில்லை. எஞ்சினை ஒரு துளை உயர்த்தி மாட்டினார். நேராகப் போகையில் இன்னும் லேசாக ஓடியது. வளைவில் திரும்பியதும் புரொப்பெல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சி, எஞ்சின் 'வீல்' என்று அலறியது. மறுபடி இறக்கினார். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டை படகின் அடிமட்டத்துக்குச் சரியாக நிறுத்தி, கயிறு பிடித்துப் பார்த்தார். அப்புறம் எஞ்சினின் சாய்வைக் கொஞ்சம் வெளியே, கொஞ்சம் உள்ளே. ஒவ்வொரு தடவையும் அதே ஐந்து பேர், அதே பெட்ரோல் அளவு, அதே தூரம். ஒரு சமயத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யவே இல்லை. மத்தியானச் சாப்பாட்டை எல்லோரும் மறந்துவிட்டோம்.

புது 15-க்குப் பணம் நான் கொடுத்தேன். ஸ்நேகிதன் வேண்டாம் என்றான். அவன் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. ஓணத்துக்கு இரண்டு நாள் முன்னால் வளையல் வீடு திரும்பியதாக போன் வந்தது. பேசியது அவன் மனைவிதான்.

பத்தொன்பது இப்போது என் மேஜைக்கு அடியில் கிடக்கிறது. மூன்று இறக்கை, அதிகம் ஓடாதது. இலேசான படகும் நல்ல எஞ்சினும் உள்ள வாசகர்கள் யாராவது இருந்தால் வந்து எடுத்துப் போகலாம். வாங்கு, வாங்காதே என்று நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.