கட்டணம் கட்டியவர் ஒருவர், மனம் திறந்தவர் இன்னொருவர்

கோவையில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த பெண் பொறியாளர் ஒருவர், 2022ஆம் ஆண்டில் ஒரு மின்னஞ்சலின் நகலோடு என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் பயிற்சி கொடுத்தவரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வழக்கின் உட்பொருள் மட்டும் நடந்தது நடந்தபடி இருக்கிறது.

அந்த மின்னஞ்சலை அனுப்பியது நிறுவனத்தின் மனிதவளத் துறை. மேலே ஊதிய உயர்வு பற்றிய வழக்கமான இரண்டு வரிகள். அதற்குக் கீழே, அனுப்பியவர் கவனிக்காமல் விட்ட பழைய கடிதங்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தன. அவற்றில் ஒன்று, நிறுவனம் அமர்த்தியிருந்த எக்ஸிகியூட்டிவ் கோச் எழுதியது. இவர் பதற்றத்துக்கு மருந்து எடுத்துக்கொள்கிறார், கணவருக்கு பெங்களூரில் வேலை என்பதால் இவரும் அங்கே போகும் யோசனையில் இருக்கிறார், ஆலைத் தலைவர் பொறுப்பை இவரை நம்பிக் கொடுக்க முடியாது என்று அதில் இருந்தது. ஆலைத் தலைவர் பதவி அதற்குள் வெளியிலிருந்து வந்த ஒருவருக்குப் போயிருந்தது.

“இது அவர்கிட்ட மட்டும் சொன்னதுங்க சார். மாத்திரை விஷயம் எங்கம்மாவுக்கே தெரியாதுங்க” என்றார். பதவி கைநழுவியதைவிடப் பெரிய இழப்பை அவர் குரலில் கேட்டேன்.

நடந்தது இதுதான். நிறுவனத்தின் நிர்வாகம் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குக் கைமாறியபோது, மூத்த மேலாளர்கள் சிலருக்கு கோச்சிங் ஏற்பாடு செய்தார்கள். சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். மாதம் இரண்டு செஷன், மூடிய அறையில், நேருக்கு நேர். முதல் செஷனுக்கு முன்பே அவர் ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: நாம் பேசுவது நம் இருவருக்குள் மட்டுமே இருக்கும், தயங்காமல் பேசுங்கள். அந்த வாக்குறுதியை நம்பித்தான் என் கட்சிக்காரர் பேசினார். இரவில் தூக்கம் வராததையும், இயந்திரம் நின்றுபோன ஒரு நாளில் மூச்சடைத்துக் கழிவறையில் உட்கார்ந்திருந்ததையும், மனநல மருத்துவரைப் பார்த்து வருவதையும் சொன்னார். ஆலைத் தலைவர் பொறுப்பு வந்தால் சமாளித்துவிடுவேன், அதற்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்றும் சொல்லியிருந்தார். கோச்சின் கடிதத்தில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லை.

சட்டத்தில் எங்கே பிடி கிடைக்கும் என்று தேடத் தொடங்கினேன். வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் தொழில் நிமித்தம் சொல்வதற்கு, அப்போது நடைமுறையில் இருந்த இந்திய சாட்சியச் சட்டம் 1872இன் 126ஆவது பிரிவு காப்பு அளித்தது. மருத்துவர் நோயாளியின் ரகசியத்தைக் காக்க வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதிகளில் இருக்கிறது. மனநலச் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தைக் காக்க 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோச் இந்த மூன்றிலும் வரமாட்டார். இந்தியாவில் யார் வேண்டுமானாலும் கோச் என்று பெயர்ப்பலகை மாட்டலாம். உரிமம் தருவதற்கோ பறிப்பதற்கோ சட்டப்படி அமைந்த மன்றம் எதுவும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இல் சொல்லியிருந்தாலும், அந்தத் தீர்ப்பு முதன்மையாக அரசை நோக்கியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அப்போது பிறக்கவே இல்லை.

பிடி கிடைத்தது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கி 2019இல் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், நேர்மையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருக்கிறது. நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் தந்த தனிப்பட்ட தகவலை, சட்டம் அனுமதிக்காத நிலையில் வேறொருவருக்கு வெளியிடுவதும் அந்தப் பட்டியலில் அடங்கும். 2(47)ஆவது பிரிவின் ஒன்பதாவது உட்பிரிவு அது. அந்த வரியைப் படித்தபோது, இந்தப் பெண்ணுக்காகவே எழுதி வைத்தது போல இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கதவைத் திறக்க வேண்டியிருந்தது. இவர் நுகர்வோரா? பணம் கொடுத்தது நிறுவனம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நிறுவனம். இவர் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. சட்டத்தின் 2(7)ஆவது பிரிவு இதற்கு வழி விட்டிருக்கிறது. ஒருவர் கட்டணம் கொடுத்துப் பெறும் சேவையை, அவருடைய ஒப்புதலோடு அனுபவிக்கும் பயனாளியும் நுகர்வோரே. ஆலையின் பணத்தில், ஆலையின் ஒப்புதலோடு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசிய பயனாளி என் கட்சிக்காரர். இந்த அடிப்படையில் மனுவைத் தயாரித்தோம்.

கோச்சின் அலுவலகம் சென்னையில் இருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கப் புதிய சட்டம் இடம் தருகிறது. அதனால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுவைத் தாக்கல் செய்தோம். கோச் முதல் எதிர்தரப்பினர், நிறுவனம் இரண்டாம் எதிர்தரப்பினர். வாட்ஸ்அப் செய்தியையும் மின்னஞ்சலையும், அன்றைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு கேட்கும் சான்றிதழோடு இணைத்தோம். சாட்சியச் சட்டத்தின் விதிகள் நுகர்வோர் ஆணையத்தில் அப்படியே பொருந்தாது. ஆனாலும் மின்னணு ஆவணத்தை முறையாக வைத்துவிட்டால் பிற்பாடு ஆட்சேபத்துக்கு இடமிருக்காது.

கோச்சின் எதிர்மனுவில் மூன்று வாதங்கள் இருந்தன. என் வாடிக்கையாளர் நிறுவனம்தான், புகார்தாரர் அல்ல என்பது முதலாவது. நிறுவனம் தன் வியாபாரத்துக்காக எடுத்த சேவை என்பதால் சட்டமே பொருந்தாது என்பது இரண்டாவது. கோச்சிங்குக்குச் சட்டப்படி நடத்தை விதி எதுவும் இல்லாதபோது எந்தக் கடமையை நான் மீறினேன் என்பது மூன்றாவது.

மூன்றாவது வாதத்துக்கு அவருடைய இணையதளமே பதில் சொன்னது. அமெரிக்காவில் 1995இல் தொடங்கப்பட்டுப் பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் ஐ.சி.எஃப். என்ற சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் சான்றிதழைப் பெரிய எழுத்தில் அவர் போட்டிருந்தார். நிறுவனத்துக்குக் கொடுத்த முன்மொழிவிலும் அதையே முன்வைத்திருந்தார். அந்தக் கூட்டமைப்பு மூன்று படிகளில் சான்றிதழ் தருகிறது. நடுப் படியான பி.சி.சி. பெறவே 500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் காட்ட வேண்டும். மணிக்கணக்கு மட்டும் போதாது, அதன் நடத்தை நெறிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். பயிற்சி பெறுபவர் வேறு, செலவை ஏற்பவர் வேறு என்று அந்த நெறிகள் இருவரையும் தனித்தனியாகவே குறிப்பிடுகின்றன. யாருக்கு எந்தத் தகவல் போகும் என்பதைத் தொடக்கத்திலேயே எல்லாத் தரப்பினருக்கும் தெளிவுபடுத்த வேண்டும். நலன் முரண்பாடு இருந்தால் வெளிப்படுத்த வேண்டும், தேவைப்பட்டால் விலக வேண்டும். சான்றிதழைக் காட்டி வேலை பெற்றவர், அந்தச் சான்றிதழோடு வரும் கடமையை மட்டும் கழற்றி வைக்க முடியாது. சேவைக் குறைபாடு என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம், சட்டத்தால் விதிக்கப்பட்ட தரத்தோடு நின்றுவிடவில்லை. ஒப்பந்தத்தின்படியோ வேறு வகையிலோ ஒருவர் ஏற்றுக்கொண்ட கடமையில் தவறுவதும் குறைபாடுதான். இவர் கடமையை ஏற்றுக்கொண்டதற்கு வாட்ஸ்அப் செய்தி சாட்சி.

முதல் வாதத்துக்கான பதில் எங்கள் தொழிலிலேயே இருந்தது. மகன் மீது குற்ற வழக்கு, கட்டணம் கட்டுவது தகப்பனார். இது எந்த வக்கீலுக்கும் தெரிந்த நிலைமை. வக்காலத்தில் கையெழுத்திடுபவர் மகன். அவர் என்னிடம் சொன்னதைத் தகப்பனாரிடம்கூட நான் சொல்லக் கூடாது. “பணம் கொடுக்கறது நான்தானே, பையன் என்ன சொன்னான் சொல்லுங்க” என்று கேட்கும் தகப்பன்மார்கள் உண்டு. பணம் கட்டணத்தைத்தான் தீர்க்கும், விசுவாசத்தை வாங்காது. வழக்கின் தரப்பினரோடு தனக்குத் தொடர்போ நலனோ இருந்தால் வக்காலத்து வாங்கும்போதே கட்சிக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்றும் இந்திய பார் கவுன்சில் விதிகள் கட்டளையிடுகின்றன. மனம் திறந்து பேசச் சொல்லும் எந்தத் தொழிலும் இந்த இரண்டு கடமைகள் இல்லாமல் நிற்க முடியாது.

இரண்டாவது வாதம்தான் உண்மையிலேயே கடினமானது. வணிக நோக்கத்துக்காக எடுத்த சேவைக்கு விலக்கு இருப்பது சட்டத்தின் எழுத்து. நிறுவனம் வழக்குப் போட்டிருந்தால் அந்த விலக்கு குறுக்கே நின்றிருக்கக்கூடும். நாங்கள் சொன்னது இது: நிறுவனம் என்ன நோக்கத்தில் பணம் கொடுத்தது என்பது ஒரு கேள்வி, இந்தப் பெண் தன் தூக்கத்தையும் பயத்தையும் பற்றிப் பேசியதில் என்ன வணிகம் இருந்தது என்பது வேறு கேள்வி.

இந்த நிலையில் நிறுவனத்தின் பதிலுரை வந்தது. தாங்கள் நியாயமாகவே நடந்துகொண்டதாகக் காட்ட, கோச்சுக்குக் கொடுத்த தொகைகளின் ரசீதுகளையெல்லாம் அதில் இணைத்திருந்தார்கள். அவற்றைப் புரட்டும்போது ஒரு ரசீதில் என் கண் நின்றது. கோச்சிங் கட்டணத்தோடு சேராத தனி ரசீது. ஆலைத் தலைவர் பதவிக்கு வெளியிலிருந்து ஆள் தேடிக் கொடுத்ததற்கான கட்டணம். ரசீதைக் கொடுத்தவர் அதே கோச்.

உள்ளே இருக்கும் பெண்ணை அந்தப் பதவிக்குத் தயார்படுத்தும் பொறுப்பு அவருடையது. அதே பதவிக்கு வெளியாள் கொண்டுவந்தால் வருமானமும் அவருடையது. இவர் தேறினால் அவருக்கு அந்த இரண்டாவது ரசீது இல்லை. என் கட்சிக்காரர் அதை வாசித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப ஆரம்பத்திலேயே நான் ஜெயிக்கக்கூடாதுன்னு இருந்தாருங்களா?” என்று கேட்டார். அவர் மனதில் இருந்ததை நிரூபிக்கும் வழி நம்மிடம் இல்லைம்மா, அந்த இடத்தில் அவர் உட்கார்ந்திருக்கவே கூடாது என்பதை நிரூபிக்கலாம் என்றேன். நலன் முரண்பாட்டை வெளிப்படுத்தச் சொல்லும் விதியின் உயிர் அதில்தான் இருக்கிறது. கெட்ட எண்ணம் இருந்ததா என்று யாரும் துருவ வேண்டியதில்லை. இரண்டு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தாரா, அதை மறைத்தாரா என்று பார்த்தால் போதும்.

ரசீதைச் சுட்டிக்காட்டிக் கூடுதல் மனு தாக்கல் செய்த பிறகு எதிர்தரப்பின் குரல் இறங்கியது. சமரசத்துக்கு வாய்ப்பிருக்கும் வழக்குகளை, இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால், சமரச மையத்துக்கு அனுப்ப 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. எங்கள் வழக்கும் அங்கே போனது.

சமரச மேசையில் என் கட்சிக்காரர் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. பழைய வேலை அவருக்கு வேண்டியிருக்கவில்லை, அதற்குள் வேறொரு ஆலையில் சேர்ந்திருந்தார். அவர் கேட்டவை நான்கு. செஷன் குறிப்புகள் அனைத்தையும் அழித்துவிட்டதாக கோச் பிரமாண வாக்குமூலம் தர வேண்டும். ரகசியம் காப்பதாகச் சொல்லி மீறியதையும், ஆள் தேடும் வேலையை மறைத்ததையும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் கடிதத்தை நிறுவனம் தன் பணியாளர் கோப்பிலிருந்து நீக்க வேண்டும். நான்காவதுதான் என்னை நெகிழ வைத்தது. தன்னோடு கோச்சிங் பெற்ற மற்ற மேலாளர்களுக்கும் நடந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்றார். “அவங்களும் ஏதாவது சொல்லியிருப்பாங்கல்லங்க சார்” என்றார்.

நான்கையும் ஏற்றுக்கொண்டார்கள். இழப்பீட்டுத் தொகை ஒன்றும் முடிவானது. அதை வெளியிடக் கூடாது என்பது உடன்பாட்டின் நிபந்தனை. சமரச அறிக்கையை ஏற்று ஆணையம் உத்தரவு பிறப்பித்தது, வழக்கு முடிந்தது. சமரசத்தில் முடிந்ததால் பயனாளி நுகர்வோரா, வணிக நோக்க விலக்கு இங்கே பொருந்துமா என்ற கேள்விகளுக்கு இந்த வழக்கில் தீர்ப்பு எழுதப்படவில்லை. நாளை இதே நிலையில் நிற்பவர் அந்தக் கேள்விகளைப் புதிதாகவே வாதாட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் கட்சிக்காரர் மூச்சடைப்பைப் பற்றிப் பேசிய அந்த நாளில், நல்ல கோச் என்ன செய்திருக்க வேண்டும்? இது மருத்துவரின் எல்லை, அவரிடம் தொடர்ந்து போங்கள், வேலை சம்பந்தப்பட்டதை மட்டும் நாம் பேசுவோம் என்று எல்லை வகுத்திருக்க வேண்டும். நோயைப் பற்றி முடிவு சொல்ல அவருக்குப் படிப்பும் இல்லை, அதிகாரமும் இல்லை. நேர்மையாக இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் முதல் சந்திப்பிலேயே இந்த எல்லையைச் சொல்லிவிடுகிறார்கள். நிறுவனத்துக்குப் போகும் அறிக்கையில் எத்தனை செஷன் நடந்தது, எந்த இலக்கை நோக்கி வேலை நடக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதையும் பயிற்சி பெறுபவர் படித்த பிறகே அனுப்புகிறார்கள்.

உங்கள் நிறுவனம் உங்களுக்கு ஒரு கோச்சை ஏற்பாடு செய்தால், முதல் செஷனுக்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நான் சொல்வதில் எது, யாருக்கு, எந்த வடிவில் போகும்? குறிப்புகள் எங்கே இருக்கும், எப்போது அழிக்கப்படும்? இந்த நிறுவனத்தோடு உங்களுக்கு வேறு என்ன வேலை, என்ன வருமானம்? எந்த நடத்தை நெறிக்குக் கட்டுப்படுகிறீர்கள், புகார் இருந்தால் எங்கே சொல்வது? நேர்மையான கோச் இந்தக் கேள்விகளால் புண்பட மாட்டார். பதில் எழுத்தில் வரவில்லை என்றால், மூடிய அறையாக இருந்தாலும் மனதைத் திறக்காதீர்கள். வாக்கு மீறப்பட்டதாகத் தெரிந்தால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள், அதற்கு மேல் காலம் கடந்துவிடும். வந்த செய்திகளையும் கடிதங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். என் கட்சிக்காரரின் வழக்கு அந்த ஒரு வாட்ஸ்அப் செய்தியின் பலத்தில்தான் நின்றது.